டர்போ காருக்கு சிந்தெட்டிக் ஆயில் தேர்ந்தெடுப்பது எப்படி: மேனுவலில் தொடங்கி டிப்ஸ்டிக் வரை

டர்போ கார் வாங்கிய புதிதில் பலரும் ஆயில் தேடும் வரிசை இப்படித்தான் இருக்கிறது: முதலில் பிராண்ட், அடுத்து "ஃபுல் சிந்தெட்டிக்தானே?" என்ற கேள்வி, அப்புறம் விலை, கடைசியில் 5டபிள்யூ-30 என்பது போன்ற கிரேடு. மேனுவலை யாரும் திறப்பதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். மேனுவலில் இருக்கும் ஒப்புதல் எண் முதலில், கிரேடு இரண்டாவது, ஏபிஐ எஸ்பி போன்ற தரவகை மூன்றாவது. சிந்தெட்டிக் என்ற சொல்லும் பிராண்டும் கடைசியில்தான்.

டர்போ இல்லாத இன்ஜினில் இந்த வரிசை தப்பினாலும் பெரும்பாலும் வண்டி பொறுத்துக்கொள்ளும். புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ அப்படிப் பொறுக்காது. சின்ன பெட்ரோல் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் ஒரு முனையில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும் புகை, மறுமுனையில் உள்ளே இழுக்கப்படும் காற்று. நடுவில் பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. சூட்டை வெளியே எடுத்துப் போவதும் அதே ஆயில்தான்.

பெட்ரோல் டர்போ, டீசல் டர்போ இரண்டுக்கும் இந்தப் படிகள் பொருந்தும். வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓனர் மேனுவல், ஆர்.சி., கடைசி சர்வீஸ் பில், வாரண்டி எப்போது முடிகிறது என்ற தகவல். இந்த நான்கும் இருந்தால் போதும்.

மேனுவல் உங்கள் நாட்டில் விற்கும் காருக்கானதாக இருக்க வேண்டும். இணையத்தில் தேடினால் ஐரோப்பிய மேனுவல்தான் முதலில் கிடைக்கும். அதே பெயரில் உள்ள இன்ஜினுக்கு அங்கே ஓர் எண்ணும் இந்தியாவில் வேறு எண்ணும் இருக்கலாம். எரிபொருளின் தரம், தட்பவெப்பம், சர்வீஸ் இடைவெளி எல்லாவற்றையும் பார்த்துத்தான் கம்பெனி அதை முடிவு செய்கிறது. பழைய காரை வாங்கியதில் மேனுவல் கிடைக்கவில்லை என்றால், கம்பெனியின் இந்திய இணையதளத்தில் மாடல், வருடம் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் பில் எதற்கு என்றால், இப்போது உள்ளே என்ன ஆயில் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். "இன்ஜின் ஆயில் 4 லிட்டர்" என்று மட்டும் போட்டிருந்தால் அந்த பில் எதற்கும் உதவாது. அடுத்த முறை ஆயிலின் முழுப் பெயரோடு பில் கேட்டு வாங்குங்கள்.

2. காரின் பெயரை விட்டுவிட்டு இன்ஜினைப் பிடியுங்கள்

கடையில் போய் "வென்யூவுக்கு ஆயில் கொடுங்க" என்று கேட்பவர்கள் அதிகம். வென்யூவில் 1.2 பெட்ரோல், 1.0 டர்போ பெட்ரோல், 1.5 டீசல் என்று மூன்று வகை ஓடுகின்றன. ஓரகடத்தில் தயாராகும் மேக்னைட்டில் டர்போ இல்லாத 1.0 இன்ஜினும் உண்டு, டர்போ உள்ள 1.0 இன்ஜினும் உண்டு. கொள்ளளவு ஒன்றே என்பதால் கடைக்காரர் குழம்புவது சகஜம். நெக்ஸானில் பெட்ரோலும் டர்போ, டீசலும் டர்போ. ஆயில் மட்டும் வேறு.

அதனால் இன்ஜினின் கொள்ளளவு, எரிபொருள், டர்போ உண்டா இல்லையா, தயாரிப்பு வருடம் ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு வருடம் டீசல் காரில் ரொம்ப முக்கியம். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்6 விதிகள் வந்தன. அதற்குப் பின் வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, அதாவது டிபிஎஃப் இருக்கிறது. ஐந்தாவது படியில் இது தேவைப்படும்.

டைமிங் பெல்ட் எப்படிப்பட்டது என்பதையும் இந்த இடத்திலேயே விசாரித்துவிடுங்கள். சில சிறிய டர்போ இன்ஜின்களில் ரப்பர் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட் அப்படிப்பட்டது. அந்த இன்ஜினுக்கென்றே ஃபோர்டு வைத்த எண் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி, கிரேடு 5டபிள்யூ-20. பொருந்தாத ஆயிலை ஊற்றினாலோ ஆயிலை மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட் ரப்பர் உதிரும். அந்தத் துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஆயில் அழுத்தம் குறைந்தால் முதலில் அடிபடும் பாகங்களில் டர்போவும் ஒன்று. இந்த வகைக் காரை இன்றைக்குப் பழைய கார் சந்தையில் வாங்குபவர்கள் வேறு எதைப் பார்க்கத் தவறினாலும் இதைத் தவறவிடக் கூடாது.

3. மேனுவலில் உள்ள எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

மேனுவலின் பின்பகுதியில், பெரும்பாலும் "கொள்ளளவுகள்" அல்லது "தொழில்நுட்ப விவரங்கள்" பக்கத்தில், நான்கு தகவல்கள் கிடைக்கும்: கம்பெனி ஒப்புதல் எண், ஏபிஐ (அமெரிக்க அமைப்பு) அல்லது ஏசிஇஏ (ஐரோப்பிய அமைப்பு) தரவகை, கிரேடு, ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர். எல்லா மேனுவலிலும் நான்கும் இருக்காது. கொரிய, ஜப்பானிய, இந்தியக் கம்பெனிகள் பெரும்பாலும் தரவகையும் கிரேடும் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும். ஜெர்மன் கார்களில் ஒப்புதல் எண்தான் தலையாயது.

ஒப்புதல் எண் என்பது கார் கம்பெனி தன் இன்ஜின்களில் அந்த ஆயிலைச் சோதித்து ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம். கிரேடு ஒன்றாக இருந்தாலும் எண் வேறானால் ஆயில் வேறு. மெர்சிடிஸ் 229.5 என்ற எண்ணையும் 229.51 என்ற எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் 229.51 சாம்பல் குறைந்த ஆயில், டிபிஎஃப் உள்ள வண்டிக்கு உகந்தது. 229.5 அப்படியல்ல.

ஃபோக்ஸ்வாகனில் இன்னொரு பொறி இருக்கிறது. 508.00/509.00 என்ற எண் 0டபிள்யூ-20 ஆயிலுக்கானது. எண் பெரியது, புதியது, ஆகவே பழையதைவிட மேலானது என்று நினைத்து 502.00 அல்லது 504.00 கேட்கும் இன்ஜினில் இதை ஊற்றுகிறார்கள். அது கூடாது. 508.00 அதற்கென்றே வடிவமைத்த இன்ஜின்களுக்கு மட்டும்தான். அந்த இன்ஜின்களின் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் மெல்லிய ஆயிலுக்கு ஏற்ப அமைந்தவை.

கேனின் பின்பக்கம் படிக்கும்போது சொற்களைக் கவனியுங்கள். "அப்ரூவ்டு" அல்லது "அப்ரூவல்" என்ற தலைப்பின் கீழ் எண் இருந்தால் கார் கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறது. "மீட்ஸ்", "சூட்டபிள் ஃபார்", "ரெகமெண்டட் ஃபார்" என்று இருந்தால் அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. அப்படிப்பட்ட ஆயில் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரண்டி ஓடும் காருக்கு நான் முதல் வகையைத்தான் வாங்கச் சொல்வேன். சண்டை என்று வந்தால் கையில் ஆதாரமாக நிற்பது அதுதான்.

4. கிரேடு: இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பாருங்கள்

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். ஊட்டியில் தை மாதத்து உறைபனிக் காலையில்கூட வெப்பம் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். அப்படியானால் முதல் எண் நமக்கு வேண்டாத விஷயமா? இல்லை. சென்னையில் 30 டிகிரி காலையிலும் இன்ஜினைப் பொறுத்தவரை அது குளிர்தான். சாதாரணமான ஒரு 5டபிள்யூ-30 ஆயில் 30 டிகிரியில் இருக்கும்போது, 100 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஒன்பது, பத்து மடங்கு கெட்டியாக இருக்கும். 15டபிள்யூ-40 அதைவிடக் கெட்டி. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் பம்பிலிருந்து கிளம்பி மெல்லிய குழாய் வழியாக டர்போவின் பேரிங்கை அடைய வேண்டும். கெட்டியான ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும்.

இரண்டாவது எண் சூடான நிலையில் ஆயிலின் பாகுத்தன்மை. 20, 30, 40, 50 என்று ஏற ஏறக் கெட்டி. "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 தான் சரி" என்று இன்றும் பல மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். பழைய இன்ஜின்களில் ஊறிய அனுபவம் அது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றைய இன்ஜினில் ஆயிலின் சூட்டைத் தீர்மானிப்பதில் வெளி வெயிலின் பங்கு குறைவு. கூலன்ட்டை தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 90 டிகிரியில் பிடித்து வைக்கிறது. ஆயில் அதை ஒட்டியோ, மலை ஏறும்போது அதைவிடக் கூடுதலாகவோ இருக்கும். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் உள்ளே உராய்வைக் கூட்டித் தானே சூடாகும். பிஸ்டனை அடியிலிருந்து குளிர்விக்கும் பீச்சுக்குழல்களும் வால்வ் டைமிங்கை மாற்றும் பாகங்களும் குறிப்பிட்ட பாகுத்தன்மையை நம்பி அமைக்கப்பட்டவை. அவையும் சரியாக வேலை செய்யாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மேனுவல் 5டபிள்யூ-40 என்று சொல்ல, மைலேஜ் கிடைக்கும் என்று 0டபிள்யூ-20 ஊற்றுவது. அங்கே படலம் மெலிந்து பேரிங் தேயும்.

இப்போது கிரேடு சொல்லாத ஒரு விஷயம். ஆயில் கம்பெனியின் டேட்டா ஷீட்டில் எச்டிஎச்எஸ் என்று ஒரு மதிப்பு இருக்கும். 150 டிகிரி சூட்டில், வேகமாக இழுபடும் நிலையில், ஆயில் எவ்வளவு பாகுத்தன்மையைக் காப்பாற்றிக்கொள்கிறது என்பதன் அளவு. டர்போவின் பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் சந்திக்கும் நிலைமைக்கு மிக நெருங்கிய சோதனை இதுதான். அலகு மில்லிபாஸ்கல் வினாடி. சில ஷீட்டுகளில் சென்டிபாய்ஸ் என்று இருக்கும், எண் மாறாது. 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6 இருக்க வேண்டும். 30 கிரேடுக்கு 2.9. 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 ஆயில்களுக்கு 3.5. 15டபிள்யூ-40 என்றால் 3.7.

இதில் 30 கிரேடைக் கூர்ந்து பாருங்கள். 2.9 என்பது அடிமட்டம் மட்டும்தான். ஏசிஇஏ சி2 வகை 5டபிள்யூ-30 ஆயிலுக்கு 2.9 இருந்தாலே தேர்ச்சி. ஏசிஇஏ சி3 வகை 5டபிள்யூ-30 ஆயிலுக்குக் குறைந்தது 3.5 வேண்டும். முன்பக்கத்தில் இரண்டு கேனிலும் ஒரே 5டபிள்யூ-30. உள்ளே இருப்பது இருவேறு ஆயில். மேனுவல் சி3 கேட்டால் சி2 வாங்கக் கூடாது. கிரேடை மட்டும் சொல்லி வாங்குபவர்கள் வழுக்குவது இங்கேதான்.

மேனுவலில் ஒரே கிரேடுதான் இருக்கிறது என்றால் அதோடு பேச்சு முடிந்தது. வெப்பநிலைப் பட்டியலோடு இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருந்தால் உங்கள் ஓட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நாலு பேரோடும் பெட்டிகளோடும் அடிக்கடி ஏறுபவர், நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வேகமாகப் போகிறவர், பட்டியலில் உள்ளவற்றில் கெட்டியானதை எடுக்கலாம். நகருக்குள் சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் என்றால் மெல்லியதே நல்லது. பட்டியலுக்கு வெளியே மட்டும் போக வேண்டாம்.

5. தரவகை: பெட்ரோலுக்கு ஒரு கேள்வி, டீசலுக்கு ஒரு கேள்வி

பெட்ரோல் டர்போவில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஆயில் எல்எஸ்பிஐ சோதனையில் தேறியதா?

குறைந்த வேகத்தில், அதிக கியரில், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது நடப்பதுதான் எல்எஸ்பிஐ. நேரடியாக பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜினில் சிலிண்டர் சுவரில் படியும் பெட்ரோல் ஆயிலோடு கலந்து சொட்டாகத் தெறிக்கும். அந்தச் சொட்டு ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே பற்றிக்கொள்ளலாம். எழும் அழுத்தம் பிஸ்டனின் ரிங் இருக்கும் பகுதியை உடைக்கும் அளவுக்குப் போகும். ஆயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கும் கால்சியம் சேர்மங்கள் இதைத் தூண்டுகின்றன என்று தெரிந்ததும், அவற்றில் ஒரு பங்கை மெக்னீசியமாக மாற்றினார்கள். 2018-ல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது. 2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பி அதோடு டைமிங் செயின் தேய்மானச் சோதனையையும் சேர்த்தது. 2025 மார்ச் இறுதியில் ஏபிஐ எஸ்க்யூ வந்திருக்கிறது.

பெட்ரோல் வரிசையில் பின்னால் வரும் எழுத்து முன்னதையும் அடக்கியது. மேனுவல் எஸ்என் கேட்டால் எஸ்பி ஊற்றலாம், ஊற்றுவதே நல்லது. ஆனால் கடை அலமாரியில் பழைய சரக்காக எஸ்என், எஸ்எம் கேன்கள் தள்ளுபடியில் நிற்கும். நேரடி பீய்ச்சு டர்போவுக்கு அவற்றை எடுக்காதீர்கள். கூடவே ஓட்டும் பழக்கத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். ஐந்தாவது கியரில் இன்ஜின் முனகும்போது மிதிக்காமல் ஒரு கியர் இறக்குங்கள். எந்த ஆயிலும் அந்தப் பழக்கத்தை முழுவதும் ஈடுகட்டாது.

டீசல் டர்போவில் கேள்வி வேறு: டிபிஎஃப் இருக்கிறதா? அந்த வடிகட்டியில் சேரும் கரியை இன்ஜின் அவ்வப்போது எரித்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் போன்றவை எரிந்து விடும் சாம்பல் எரியாது. அது அங்கேயே தங்கி நாளடைவில் வடிகட்டியை அடைக்கும். அதனால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். ஏசிஇஏ சி2, சி3 வகைகளில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. லாரிக்கு விற்கும் 15டபிள்யூ-40, ஏபிஐ சிஐ-4 பிளஸ் ஆயில் எந்த பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கும். "டீசல் ஆயில்தானே" என்று பிஎஸ்6 காரில் ஊற்றிவிடுகிறார்கள். டிபிஎஃப் இல்லாத காலத்து வகை அது. சாம்பலுக்கு அதில் கட்டுப்பாடு கிடையாது. வடிகட்டியின் விலையை ஒருமுறை சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பார்த்தவர்கள் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். கேனில் "எஸ்பி/சிஎஃப்" என்று இருப்பதைப் பார்த்து டீசலுக்கும் ஆகும் என்று நினைப்பதும் தவறு. சிஎஃப் காலாவதியான டீசல் வகை.

பைக்குக்கான 4டி ஆயிலைக் காரில் ஊற்றவே கூடாது. கியரும் கிளட்சும் அதே ஆயிலில் ஓடும் வண்டிக்குச் செய்தது அது.

6. "சிந்தெட்டிக்" என்ற சொல்லைச் சோதியுங்கள்

இத்தனைக்கும் பிறகு கையில் மூன்று நான்கு ஆயில்களின் பெயர்கள் மிஞ்சும். எல்லாவற்றிலும் "ஃபுல்லி சிந்தெட்டிக்" என்று இருக்கும். அந்தச் சொல் எந்த அடிப்படை எண்ணெய் என்பதைச் சொல்வதில்லை. அடிப்படை எண்ணெய்களை ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறார்கள். நான்காம் குழு வேதியியல் முறையில் கட்டி உருவாக்கும் பிஏஓ. மூன்றாம் குழு கச்சா எண்ணெயையே கடுமையாக ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரித்தது. பெரும்பாலான நாடுகளில் இரண்டையுமே சிந்தெட்டிக் என்று விற்கலாம். இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யும் எண்ணெயும் மூன்றாம் குழுவில்தான் வருகிறது, தரத்தில் அருமையானது. ஆகவே குழுவை வைத்து அடித்துக்கொள்வதில் பலனில்லை. முடிவைத்தான் பார்க்க வேண்டும். முடிவு டேட்டா ஷீட்டில் இருக்கிறது.

ஆயில் கம்பெனியின் இணையதளத்தில் பொருளின் பக்கத்தில் டேட்டா ஷீட் கிடைக்கும். எச்டிஎச்எஸ் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அதோடு நோவாக் என்ற மதிப்பைப் பாருங்கள். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீத ஆயில் ஆவியாகிறது என்ற கணக்கு. ஏபிஐ எஸ்பி ஆயில்களில் 5டபிள்யூ-30 போன்ற கிரேடுகளுக்கு 15 சதவீதம் வரை அனுமதி. ஏசிஇஏவில் பெரும்பாலான வகைகளுக்கு 13. டர்போவுக்கு நான் 10-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதைத் தேடுவேன். ஆவியான ஆயில் காற்றோடு திரும்பவும் உள்ளே இழுக்கப்படுகிறது. டர்போவின் காற்றுப்பக்கச் சக்கரத்திலும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும், இன்டேக் வால்விலும் படிகிறது. நேரடி பீய்ச்சு இன்ஜினில் பெட்ரோல் வால்வைக் கழுவுவதில்லை என்பதால் அந்தப் படிவு கருகி ஏறிக்கொண்டே போகும்.

சில ஷீட்டுகளில் நோவாக் இருக்காது. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். மற்ற எல்லாம் சமமாக இருந்தால், எண்ணை வெளிப்படையாகக் கொடுத்திருக்கும் ஆயிலையே நான் எடுப்பேன்.

மைனஸ் 42 டிகிரியில்கூட உறையாது என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் ஓடும் காருக்கு அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

மினரல், செமி சிந்தெட்டிக் ஆயில்களை ஏன் ஒதுக்குகிறோம் என்றால், வேகமாக ஓட்டி வந்து இன்ஜினை அணைத்ததும் டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு மட்டும் தங்கும். நின்றுபோன ஆயில் அங்கேயே கருகி, தோசைக்கல்லில் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும். நல்ல சிந்தெட்டிக் ஆயில் இதை நெடுநேரம் தாங்கும்.

7. வாங்கும் இடம், கேன், பில்

ஆயில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர், அல்லது நீங்கள் நம்பும் பெரிய கடை. இணையத்தில் என்றால் விற்பவரின் பெயரைப் பாருங்கள். தளம் பெரியதாக இருப்பதால் விற்பவரும் சரியானவர் என்று ஆகாது. காலி கேனில் வேறு ஆயிலை நிரப்பி விற்கும் பிழைப்பு எல்லா ஊரிலும் நடக்கிறது. மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, உள்ளே சீல் ஒட்டியிருக்கிறதா, கேனிலும் மூடியிலும் பேட்ச் எண் இருந்தால் பொருந்துகிறதா, சுரண்டிப் பார்க்கும் குறியீடு இருந்தால் அது செல்லுமா என்று கடையிலேயே நின்று பாருங்கள். சந்தை விலையைவிட ரொம்பக் குறைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அளவு: மேனுவலில் உள்ள லிட்டரோடு ஒரு லிட்டர் கூடுதலாக வாங்குங்கள். பின்னால் ஆயில் குறைந்தால் ஊற்ற அதே ஆயில் கையில் இருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் மாற்றுவதாக இருந்தால் பேரல் ஆயிலா, சீல் போட்ட கேனா என்று முன்கூட்டியே கேளுங்கள். பேரலில் இருப்பது நல்ல ஆயிலாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் எண் அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "அண்ணே, என் ஆயிலையே ஊத்திக் கொடுங்க, கேனை என் முன்னாடி திறங்க" என்று சொன்னால் நல்ல மெக்கானிக் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். வாரண்டி உள்ள கார் என்றால், வெளியில் வாங்கிய ஆயிலை ஏற்பார்களா என்று சர்வீஸ் சென்டரில் கேட்ட பிறகு வாங்குங்கள்.

8. மாற்றும்போது இந்த வரிசை

முதலில் இன்ஜினை வெதுவெதுப்பாக்குங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம். இளகிய ஆயில் அழுக்கையும் சேர்த்து இறக்கும். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், கம்பெனி ஃபில்டராகவே இருக்கட்டும். இன்ஜின் நிற்கும்போது ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வ் பல கார்களில் ஃபில்டருக்குள்தான் இருக்கிறது. மலிவு ஃபில்டரில் அது ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் ஒவ்வொரு காலையும் டர்போவுக்கு ஆயில் தாமதமாகத்தான் போகும்.

சொன்ன அளவில் முக்கால் பங்கை ஊற்றி, ஆயில் மட்டம் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார்த்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். ஆயில் விளக்கு அணைந்து ஒரு நிமிடமாவது சும்மா ஓடட்டும். காலியான ஃபில்டரும் குழாயும் நிரம்பிய பிறகுதான் டர்போவுக்கு ஆயில் போகும். மாற்றி முடித்ததும் "வண்டி எப்படி இருக்கு பார்ப்போம்" என்று ரேஸ் செய்வது கெட்ட பழக்கம்.

அணைத்து, சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் விட்டு மீண்டும் அளவு பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகமானால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் பேரிங்கைத் தாங்காது.

பழைய ஆயில் வகையிலிருந்து புதியதுக்கு மாற ஃபிளஷ் எதுவும் தேவையில்லை. ஏபிஐ ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. மேலே ஊற்றும் அடிடிவ் பாட்டில்களும் வேண்டாம். எதை எவ்வளவு சேர்ப்பது என்று கணக்குப் பார்த்துத்தான் ஆயிலைத் தயாரித்திருக்கிறார்கள். கூடுதலாக ஒன்றைச் சேர்த்தால் அந்தக் கணக்கு குலையும்.

9. எத்தனை கிலோமீட்டருக்கு, நடுவில் எதைப் பார்க்க

மேனுவல் 10,000 அல்லது 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று சொல்லும். அதற்கு அடுத்த பக்கத்தில் கடும் பயன்பாட்டுக்கான அட்டவணையும் பெரும்பாலும் இருக்கும். குறுகிய ஓட்டம், நிறுத்தி நிறுத்திப் போகும் போக்குவரத்து, தூசி, மலைச்சாலை எல்லாம் அதில் அடக்கம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஆபீஸ் நேரத்தில் போய் வருபவர் எந்த அட்டவணையில் வருவார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அப்படி ஓடும் டர்போ காருக்கு 7,500 கிலோமீட்டருக்கு மேல் நான் இழுக்க மாட்டேன். ஆயில் விலை உயர்ந்தது, ஆகவே 20,000 ஓடும் என்ற கணக்கு டர்போவில் செல்லாது.

புதிய ஆயில் ஊற்றிய முதல் 1,000 கிலோமீட்டரில் இரண்டு முறையாவது டிப்ஸ்டிக் பாருங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை. கொஞ்சம் குறைவது இயல்பு. 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று சில கம்பெனிகளே சொல்கின்றன. என் கணக்கில் அது அதிகம். அவ்வளவு குறைந்தால் டர்போவின் சீலையும் இன்டர்கூலர் குழாய்களில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அளவு குறையாமல் ஏறினால் கூடுதல் கவனம் வேண்டும். பெட்ரோல் காரில் குறுகிய ஓட்டத்தால் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்று பொருள். டீசலில் டிபிஎஃப் சுத்தமாகும் வேலை பாதியில் நின்றுபோனால் இதே நடக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் வாடை தெரியும். 30 கிரேடு ஆயில் அப்போது 20 கிரேடு போல இளகிவிட்டிருக்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் லேசான கலப்பு ஆவியாகிப் போகும். அளவு மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் காத்திருக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

மலை ஏறி முடித்தோ, நெடுஞ்சாலையில் வேகமாக வந்தோ சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். நகருக்குள் மெதுவாக வந்து வீட்டில் நிறுத்தும்போது அது தேவையில்லை, வரும் வழியிலேயே டர்போ ஆறியிருக்கும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். காலி கேனின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்த பிறகே குப்பைக்குப் போடுங்கள். கிழிக்கும் முன் லேபிளின் பின்பக்கத்தையும் பேட்ச் எண்ணையும் படம் எடுத்து, கிலோமீட்டரோடு சேர்த்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை ஏழாவது படியிலிருந்து தொடங்கலாம்.